அதிர்ச்சியைச் சோதித்துப் பார்ப்பதா, வேண்டாமா?
ஐ.சி.டி. கருவி பொருத்திக்கொண்டோருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு விளக்கம்

ஐ.சி.டி. கருவி பொருத்திக்கொண்டவர்களின் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் இரண்டு, ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. "கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக இதயத்தையே நிறுத்துவீர்களாமே, அது தேவைதானா?" என்பது முதல் கேள்வி. "இவ்வளவு செலவு செய்து பொருத்திய கருவியை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்புகிறீர்களே, அது முறையா?" என்பது இரண்டாவது. இரண்டுமே நியாயமான கேள்விகள்.

சில மாதங்களுக்கு முன் இவ்விரு கேள்விகளும் ஒரே நாளில், ஒரே வார்டில், அடுத்தடுத்த கட்டில்களிலிருந்து எழுந்தன. (அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.) ஒரு கட்டிலில் இருந்தவர் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு பெரியவர். அதற்கான இரத்தநாள இணைப்பு அவருடைய இடக் கையில் இருந்தமையால், கருவியை வலப்பக்க மார்பில் பொருத்த வேண்டியிருந்தது. அவருக்கு அதிர்ச்சிச் சோதனை செய்தோம். அடுத்த கட்டிலில் இருந்த அம்மையாருக்கு வழக்கம்போல் இடப்பக்க மார்பில் கருவி பொருத்தப்பட்டது. அவருக்குச் சோதனை செய்யவில்லை. மாலையில் இரு குடும்பத்தாரும் பேசிக்கொண்டபோது இந்த வேறுபாடு தெரியவந்தது. அம்மையாரின் மகன் எங்களிடம் வந்து, "அவருக்குச் செய்த சோதனையை எங்கள் அம்மாவுக்கு ஏன் செய்யவில்லை? கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும் என்றால் சொல்லியிருக்கலாமே" என்றார்.

பணத்துக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பில்லை. அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்ன விடையை, எல்லாக் குடும்பத்தாருக்கும் பயன்படும் வகையில் இங்கே விரித்து எழுதுகிறோம்.

கருவி எதற்காக அதிர்ச்சி தருகிறது?

இதயத்தின் கீழறைகள் சீரான மின்தூண்டலுக்கு இணங்க ஒருசேரச் சுருங்கி விரிகின்றன. இந்த ஒழுங்கு குலைந்து, தசையின் ஒவ்வொரு பகுதியும் தன்போக்கில் துடிக்கத் தொடங்குவதைக் கீழறை நடுக்கம் என்கிறோம். அந்நிலையில் இதயம் அசைகிறதே ஒழிய இரத்தத்தை வெளியேற்றுவதில்லை. சில விநாடிகளில் நினைவு தப்புகிறது. சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்குகிறது. இந்த நடுக்கத்தை உடனே அடக்கவல்ல நம்பகமான வழி மின்அதிர்ச்சி ஒன்றே.

அதிர்ச்சி எவ்வாறு நடுக்கத்தை அடக்குகிறது? மாணவர் அனைவரும் ஒரே நேரத்தில் கூச்சலிடும் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் மேசையை ஓங்கி ஒருமுறை தட்டுகிறார். எல்லோரும் ஒரு கணம் வாயடைத்து நிற்கிறார்கள். அந்த அமைதியில் வகுப்புத் தலைவனின் குரல் மீண்டும் கேட்கத் தொடங்குகிறது. இதயத்திலும் இதுவே நிகழ்கிறது. அதிர்ச்சி தசை முழுவதையும் ஒரே கணத்தில் ஒரே நிலைக்குக் கொண்டுவருகிறது. பிறகு இயல்பான துடிப்பு தலையெடுக்கிறது. தட்டிய ஓசை வகுப்பின் ஒரு மூலைக்கு எட்டாமற்போனால் அங்கிருந்து கூச்சல் மறுபடியும் பரவிவிடும். அதுபோல, அதிர்ச்சி இதயத் தசையின் பெரும்பகுதியைப் போதிய வலுவோடு சென்றடையாவிட்டால் நடுக்கம் மீண்டும் தொடரும். ஆகவே "எவ்வளவு வலு போதும்?" என்னும் கேள்வி முக்கியமாகிறது.

இந்த வலுவை ஜூல் என்னும் அலகால் அளக்கிறோம். இரத்தநாளத்தின் வழியே இதயத்துக்குள் கம்பி செலுத்திப் பொருத்தப்படும் இன்றைய கருவிகள் பெரும்பாலும் 35 முதல் 40 ஜூல் வரை தரவல்லவை. 35 ஜூல் என்பது ஒரு கிலோ எடையை ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு ஆகும் ஆற்றல். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அது ஒரு விநாடியின் நூறில் சில பங்கு நேரத்துக்குள், எழுநூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தில், இதயத்தினுள்ளேயே செலுத்தப்படுகிறது. கருவியின் சிறு பேட்டரி இவ்வாற்றலை உடனே தந்துவிடாது. மின்தேக்கி ஒன்றில் சில விநாடிகள் சேமித்த பிறகே அது வெளிப்படுகிறது.

சோதனையின்போது நடப்பது என்ன?

கருவியையும் லீட் எனப்படும் கம்பியையும் பொருத்தி முடித்தபின், அறுவை அரங்கிலேயே இச்சோதனை செய்யப்படுகிறது. நோயாளிக்கு ஆழ்ந்த உறக்கம் தரும் மருந்து செலுத்தப்படும். மார்பிலும் முதுகிலும் வெளிப்புற டிஃபிப்ரிலேட்டரின் ஒட்டுத்தகடுகள் முன்கூட்டியே ஒட்டப்பட்டிருக்கும். அதை இயக்குவதற்கென ஒருவர் அருகில் நிற்பார். மயக்க மருந்து மருத்துவர் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொண்டிருப்பார்.

இவை ஆயத்தமான பின், புரோகிராமர் என்னும் கணினி வழியாகக் கருவிக்குக் கட்டளையிட்டு, கீழறை நடுக்கத்தை நாங்களே உண்டாக்குகிறோம். இதயத்துடிப்பின் மிக நுண்ணிய ஒரு கட்டத்தில் சிறு அதிர்ச்சி ஒன்றைச் செலுத்துவது இதற்கான வழிகளுள் ஒன்று. நடுக்கம் தொடங்கியதும் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு கருவியைக் கவனிக்கிறோம். அது நடுக்கத்தைத் தானே கண்டறிய வேண்டும். ஆற்றலைச் சேமிக்க வேண்டும். நாங்கள் குறித்து வைத்த அளவில் அதிர்ச்சி தர வேண்டும். வழக்கமாக இவையனைத்தும் பத்து இருபது விநாடிகளுக்குள் முடிந்துவிடும். கருவியால் இயலாவிட்டால் வெளிப்புற டிஃபிப்ரிலேட்டர் உடனே இயக்கப்படும். உறக்கத்தில் இருக்கும் நோயாளி இவற்றில் எதையும் உணர்வதில்லை.

ஆகவே "இதயத்தை நிறுத்துவீர்களாமே" என்று கேட்பவரிடம் நாங்கள் மறுப்புச் சொல்வதில்லை. சில விநாடிகளுக்கு இதயத்தின் பயனுள்ள துடிப்பை நிறுத்துகிறோம் என்பது உண்மை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் அந்த உண்மையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

போதுமான வலு என்பது ஒரே எண்ணா?

ஒருவருக்கு 15 ஜூல் போதும் என்று சோதனையில் தெரிந்தால், என்றைக்கும் 15 ஜூல் போதும் என்று எண்ணத் தோன்றும். இதயம் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. அதே மனிதருக்கு, அதே அரங்கில், அதே அளவு அதிர்ச்சி ஒருமுறை பலிக்கும். மறுமுறை பலிக்காமலும் போகலாம். நடுக்கம் ஒவ்வொரு கணமும் வடிவம் மாறிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். வலு கூடக்கூடப் பலிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று சொல்லலாம். இந்த எண்ணுக்கு மேல் எப்போதும் பலிக்கும், கீழே எப்போதும் பலிக்காது என்று கோடு கிழிக்க இயலாது.

இரயிலைப் பிடிக்க வீட்டிலிருந்து புறப்படும் பழக்கத்தை இதற்கு ஒப்பிடலாம். நிலையத்துக்குச் செல்ல வழக்கமாக அரைமணி நேரம் ஆகும். சில நாள் இருபது நிமிடத்தில் போய்விடுவோம். சில நாள் நெரிசலில் அரைமணியும் போதாது. அதனால் பத்து நிமிடம் கையிருப்பாக வைத்துக்கொண்டு புறப்படுகிறோம். அதிர்ச்சிச் சோதனையிலும் இத்தகைய கையிருப்பு உண்டு. கருவியின் உச்ச அளவுக்கு 10 ஜூல் குறைவான அதிர்ச்சி நடுக்கத்தை அடக்குகிறதா என்று பார்ப்பதே நெடுங்காலமாக வழக்கம். உச்ச அளவு 35 ஜூல் என்றால் 25 ஜூலில் சோதிப்போம். அது பலித்தால், வீட்டில் உண்மையான நடுக்கம் வரும்போது கருவி முழு வலுவைப் பயன்படுத்தும். பத்து ஜூல் கையிருப்பு இருக்கும்.

சோதனையில் தேறுவதன் பொருள் இவ்வளவே. வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்று அது சொல்கிறது. உறுதிமொழிப் பத்திரம் எதையும் அது எழுதித் தருவதில்லை.

சோதனை வழக்கமான வரலாறு

ஐ.சி.டி. கருவியை உருவாக்குவதில் முன்னின்றவர் மிஷெல் மிரோவ்ஸ்கி. 1924இல் வார்சாவில் பிறந்தவர். இஸ்ரேலில் மருத்துவராக இருந்த காலத்தில், அவருடைய மூத்த மருத்துவரும் வழிகாட்டியுமான ஹாரி ஹெல்லர் இதயத் துடிப்புக் கோளாற்றினால் 1966இல் உயிரிழந்தார். எந்நேரமும் மருத்துவமனையிலேயே கட்டிப்போடாமல் ஒருவரைக் காக்க வழியில்லையா என்னும் ஏக்கத்திலிருந்து, டிஃபிப்ரிலேட்டரை உடலுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்ற எண்ணம் பிறந்தது. பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள சினாய் மருத்துவமனைக்குச் சென்ற அவர், மார்ட்டன் மோவர் என்னும் மருத்துவருடன் சேர்ந்து கருவியை வடிவமைத்தார்.

அக்கருவி உண்மையில் வேலை செய்யும் என்பதை உலகம் எளிதில் நம்பவில்லை. எனவே அவர்கள் கருவி பொருத்திய நாயொன்றைப் படம் பிடித்தனர். நடுக்கம் உண்டாக்கப்பட்டதும் நாய் சுருண்டு விழுகிறது. சில விநாடிகளில் அதிர்ச்சி பாய்கிறது. நாய் எழுந்து நிற்கிறது. ஆகவே நடுக்கத்தை உண்டாக்கிப் பார்க்கும் வழக்கம் இக்கருவியோடு கூடவே பிறந்தது எனலாம்.

1980 பிப்ரவரி 4 அன்று, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முறையாக ஒரு பெண்மணிக்கு இக்கருவி பொருத்தப்பட்டது. மார்பைத் திறந்து இதயத்தின்மீது மின்முனை வைத்து, கனமான கருவியை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்தார்கள். அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 1985இல் ஒப்புதல் அளித்தது. அக்காலக் கருவிகளின் ஆற்றல் குறைவு. மின்னோட்டம் ஒரே திசையில் பாயும் அதிர்ச்சியே அவற்றில் இருந்தது. பலருக்கு உச்ச அளவும் தேவையான அளவும் நெருங்கியே இருந்தன. ஆகவே ஒவ்வொருவருக்கும் சோதித்துப் பார்ப்பது இன்றியமையாததாயிற்று.

1990களில் நிலைமை மாறியது. மின்னோட்டம் பாதிவழியில் திசைமாறும் இருகட்ட அதிர்ச்சி வந்தது. குறைந்த ஆற்றலே போதியதாயிற்று. கருவியின் உலோக உறையே ஒரு மின்முனையாகப் பயன்பட்டதால், இடப்பக்க மார்பிலிருந்து இதயத்தின் குறுக்கே மின்னோட்டம் நன்கு பாய்ந்தது. உச்ச ஆற்றலும் கூடியது. சோதனையில் தேறாதவர்கள் மிகச் சிலராகிவிட்டனர். அப்போதுதான், "இச்சோதனை எல்லோருக்கும் தேவைதானா?" என்ற கேள்வி மருத்துவர்களிடையே வலுப்பெற்றது.

சோதனையிலும் ஆபத்து உண்டு

சோதனை தீங்கற்றதாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை. எல்லோருக்கும் செய்துவிடலாம். ஆனால் உண்டாக்கிய நடுக்கம் எளிதில் அடங்காமற்போகலாம். மேலறையில் இரத்த உறைவு இருந்தால் அதிர்ச்சிக்குப் பின் அது கிளம்பி மூளையை அடைந்து பக்கவாதம் உண்டாக்கலாம். மிகவும் நலிந்த இதயம் அந்தச் சில விநாடி நிறுத்தத்திலிருந்து மீளச் சிரமப்படலாம்.

கனடாவில் 2000 முதல் 2006 வரை கருவி பொருத்தப்பட்ட 19,067 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, சோதனை காரணமாக 3 பேர் இறந்ததும் 5 பேருக்குப் பக்கவாதம் ஏற்பட்டதும் 27 பேருக்கு நீண்ட உயிர்மீட்பு முயற்சி தேவைப்பட்டதும் தெரியவந்தன. விழுக்காட்டில் இவை மிகச் சிறிய எண்கள். எனினும் அந்தக் குடும்பங்களுக்கு அவை சிறியவை ஆகமாட்டா. ஆகவே சோதனையால் கிடைக்கும் நன்மை அந்த ஆபத்தைவிடப் பெரிதா என்று அறிய வேண்டியிருந்தது.

அதை அறியச் செய்யப்பட்ட மிகப் பெரிய ஆய்வு 'சிம்பிள்' என்று பெயர்பெற்றது. அதில் 2,500 நோயாளிகள் இடம்பெற்றனர். குலுக்கல் முறையில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சோதனை செய்யப்பட்டது, மறுபாதிக்குச் செய்யப்படவில்லை. சராசரியாக மூன்றாண்டுக்குச் சற்று மேல் அவர்கள் கவனிக்கப்பட்டனர். துடிப்புக் கோளாற்றால் இறப்பதோ, தேவையான நேரத்தில் கருவியின் அதிர்ச்சி தோற்பதோ சோதனை செய்யப்படாதோரிடம் ஆண்டுக்கு 7 சதவீதமாகவும், சோதனை செய்யப்பட்டோரிடம் ஆண்டுக்கு 8 சதவீதமாகவும் இருந்தது. இதன் முடிவு 2015இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் 1,077 பேரைக் கொண்டு செய்யப்பட்ட 'நார்டிக் ஐ.சி.டி.' ஆய்வும் சோதனையைத் தவிர்த்ததால் கருவியின் திறன் குறையவில்லை என்றே காட்டியது.

இம்முடிவை நாங்கள் இவ்வாறு புரிந்துகொள்கிறோம்: இடப்பக்க மார்பில் வழக்கமான முறையில் கருவி பொருத்தப்பட்டு, மற்ற அளவீடுகள் அனைத்தும் நன்றாக இருப்பவருக்குச் சோதனையைத் தவிர்ப்பதால் பாதுகாப்பு குறைவதில்லை. 2015இல் பன்னாட்டு இதயத்துடிப்பு மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டுதலும் இத்தகையோருக்குச் சோதனையைத் தவிர்ப்பது ஏற்புடையதே என்கிறது.

யாருக்குச் செய்கிறோம், யாருக்குத் தவிர்க்கிறோம்?

வலப்பக்க மார்பில் கருவி பொருத்தப்படும்போது மின்னோட்டத்தின் பாதை இதயத்தை அவ்வளவு நன்றாகத் தழுவிச் செல்வதில்லை. அத்தகையோருக்குச் சோதனை செய்யவே விரும்புகிறோம். கம்பி தரும் இதயச் சமிக்ஞை வலுக்குறைந்து தோன்றினாலும், முன்பு ஒருமுறை அதிர்ச்சி தோற்றிருந்தாலும், பழைய கம்பியின் நலனில் ஐயம் இருந்தாலும் சோதனையைப் பற்றி யோசிக்கிறோம். அமியோடரோன் போன்ற சில மருந்துகள் தேவையான அதிர்ச்சி அளவைச் சற்றே உயர்த்தக்கூடும். அதையும் கணக்கில் கொள்கிறோம்.

கம்பியை இதயத்துக்குள் செலுத்தாமல் தோலுக்கடியிலேயே வைக்கும் எஸ்.ஐ.சி.டி. என்னும் வகையும் உண்டு. அது விலா எலும்புக்கு வெளியேயிருந்து அதிர்ச்சி தருவதால் 80 ஜூல் வரை தேவைப்படுகிறது. அவ்வகைக் கருவியை வழக்கமாக 65 ஜூலில் சோதித்துப் பார்க்கிறார்கள். மேற்சொன்ன வழிகாட்டுதலும் இவ்வகைக்குச் சோதனையைப் பரிந்துரைக்கிறது.

மாறாக, இதய அறையில் இரத்த உறைவு இருப்பவர், மேலறை நடுக்கம் இருந்தும் உறைவு தடுக்கும் மருந்தைப் போதிய காலம் உட்கொள்ளாதவர், அண்மையில் பக்கவாதம் கண்டவர், மகாதமனி வால்வு மிகவும் சுருங்கியவர், இரத்த அழுத்தம் நிலைகொள்ளாதவர், மூச்சுத்திணறலோடு படுக்கையில் இருப்பவர் ஆகியோருக்குச் சோதனையைத் தவிர்க்கிறோம், அல்லது தள்ளிவைக்கிறோம்.

அந்த அம்மையாருக்கு மேலறை நடுக்கம் இருந்தது. உறைவு தடுக்கும் மருந்து இடையில் சில வாரங்கள் நின்றுபோயிருந்தது. கருவி இடப்பக்கம் பொருத்தப்பட்டிருந்தது. எல்லா அளவீடுகளும் நன்றாக இருந்தன. சோதனையால் அவருக்குக் கிடைக்கக்கூடிய நன்மை சிறிது. நேரக்கூடிய தீங்கு பெரிது. சோதிக்காமல் விட்டது அவரைப் புறக்கணித்ததாகாது. அவருக்காகவே எடுத்த முடிவு அது. இந்த விளக்கத்தை அறுவைக்கு முன்பே அவருடைய மகனுக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமற்போனது எங்கள் குறை. இப்போது ஒப்புதல் பெறும்போதே, சோதனை செய்யப்படுமா, இல்லையெனில் ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை மேற்கொண்டுள்ளோம்.

சோதனையில் அதிர்ச்சி தோற்றால்?

வலப்பக்கம் கருவி பொருத்தப்பட்ட பெரியவரின் சோதனையில் இதுவே நேர்ந்தது. 25 ஜூல் அதிர்ச்சியில் நடுக்கம் அடங்கவில்லை. கருவி உடனே மீண்டும் ஆற்றலைச் சேமித்து உச்ச அளவில் அதிர்ச்சி தந்தது, நடுக்கம் அடங்கியது. அவர் காப்பாற்றப்பட்டார் என்பது உண்மையே. ஆனால் கையிருப்பு இல்லை என்பதும் அப்போது தெரிந்துவிட்டது.

இந்நிலையில் செய்யத்தக்கவை பல. கம்பியின் நுனியை வேறிடத்துக்கு மாற்றலாம். மின்னோட்டம் பாயும் திசையைத் திருப்பலாம். கம்பியில் இரண்டு அதிர்ச்சிச் சுருள்கள் இருந்தால் ஒன்றைப் பாதையிலிருந்து விலக்கலாம். கூடுதல் சுருள் ஒன்றைப் பொருத்தலாம். உச்ச ஆற்றல் மிகுந்த கருவியைத் தேர்ந்தெடுக்கலாம். அப்பெரியவருக்குக் கம்பியின் இடத்தை மாற்றி, இதயம் இளைப்பாறச் சில நிமிடங்கள் காத்திருந்து, மறுபடியும் சோதித்தோம். அம்முறை 25 ஜூல் பலித்தது. அவருக்குச் சோதனை செய்யாமல் விட்டிருந்தால் அந்தக் குறை தெரிந்திராது. ஒரே சோதனை ஒருவருக்குத் தேவையாகவும் மற்றொருவருக்குத் தேவையற்றதாகவும் இருப்பது இவ்வாறுதான்.

சோதனை சொல்லாத செய்திகள்

அதிர்ச்சியின் வலு ஒரு பாதி. எப்போது அதிர்ச்சி தர வேண்டும் என்று கருவிக்குச் சொல்லிவைப்பது மறுபாதி. நிமிடத்துக்கு எத்தனை துடிப்பைத் தாண்டினால் கருவி விழித்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும், அதிர்ச்சிக்கு முன் வலியில்லாத விரைவுத் தூண்டலால் துடிப்பை அடக்க முயல வேண்டுமா என்பனவெல்லாம் அமைப்புகளாக அதில் பதியப்படுகின்றன.

கருவியை அவசரக்காரனாக அமைத்தால், தானே அடங்கிவிடக்கூடிய துடிப்புக்கும், படியேறும்போது ஏற்படும் வேகத் துடிப்புக்கும், மேலறை நடுக்கத்துக்கும்கூட அது அதிர்ச்சி தரலாம். விழித்திருக்கும் நிலையில் பெறும் அதிர்ச்சி, மார்பில் ஓங்கி உதைத்தாற்போல் இருந்தது என்று பலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 1,500 பேரைக் கொண்ட 'மாடிட்-ரிட்' ஆய்வின் முடிவு 2012இல் வெளியாயிற்று. நிமிடத்துக்கு 200 துடிப்பை எட்டும்வரை காத்திருக்கும்படியோ, அதைவிடக் குறைந்த வேகமானால் ஒரு நிமிடம் பொறுக்கும்படியோ கருவியை அமைத்தபோது, தேவையற்ற சிகிச்சைகள் நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறைந்தன, இறப்பும் குறைந்தது. ஆகவே "எங்கள் கருவி ஏன் இவ்வளவு உயர்ந்த வேகத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு, அது பெரும்பாலும் எண்ணிப் பார்த்துச் செய்ததே என்று சொல்ல விரும்புகிறோம். முன்பு மெதுவான வேகத்திலேயே ஆபத்தான துடிப்பு வந்தவர்களுக்கு வேறுவிதமாக அமைப்போம்.

மாதங்கள் செல்லச் செல்லக் கம்பியும் பேட்டரியும் இதயமும் மாறுகின்றன. அறுவை அரங்கில் ஒருநாள் செய்த சோதனை அம்மாற்றங்களை அறியாது. அவற்றைக் கண்டறிவது மறுபரிசோதனை நாட்களில்தான். அன்று புரோகிராமர் கணினியால் இதயச் சமிக்ஞையின் வலு, கம்பியின் மின்தடை, பேட்டரியின் இருப்பு, பதிவான துடிப்புகள் ஆகியவற்றைப் பார்க்கிறோம். அதிர்ச்சிச் சுருளின் மின்தடையைக்கூட வலியில்லாத மிகச் சிறு துடிப்பால் அளந்துவிடலாம். இதில் அதிர்ச்சி இல்லை, நடுக்கமும் உண்டாக்கப்படுவதில்லை. அச்சத்தால் மறுபரிசோதனைக்கு வராமலிருப்போர் இதை அறிந்துகொள்ள வேண்டும். சோதனை செய்யப்பட்டவராயினும் செய்யப்படாதவராயினும் இந்நாட்களைத் தவறவிடக் கூடாது.

நீங்கள் எங்களிடம் கேட்கவேண்டியவை

அறுவைக்கு முன்பும் பின்பும் கீழ்க்கண்ட கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். விடைகளைக் கருவி அடையாள அட்டையோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. அதிர்ச்சிச் சோதனை செய்யப்படுமா? இல்லையென்றால் காரணம் என்ன?
2. செய்யப்பட்டிருந்தால் எத்தனை ஜூலில் பலித்தது? கருவியின் உச்ச அளவு எவ்வளவு?
3. நிமிடத்துக்கு எத்தனை துடிப்பில் கருவி சிகிச்சையைத் தொடங்கும்? உடற்பயிற்சியில் அந்த வேகத்தை எட்ட வாய்ப்புண்டா?
4. புதிதாகத் தொடங்கும் மருந்து ஏதேனும் அதிர்ச்சியின் திறனைப் பாதிக்குமா?
5. அடுத்த மறுபரிசோதனை எப்போது?

வீட்டில் நினைவிற்கொள்ள வேண்டியவை

ஒரே ஒரு அதிர்ச்சி ஏற்பட்டு, பிறகு நலமாக உணர்ந்தால் அன்றைக்கே எங்கள் பிரிவுக்குத் தெரிவியுங்கள். ஒரே நாளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அதிர்ச்சிகள் ஏற்பட்டாலோ, அதிர்ச்சிக்குப் பின் மார்புவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் இருந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நினைவு திரும்பவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் "கருவிதான் இருக்கிறதே" என்று காத்திருக்க வேண்டா. மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். அவ்வேளையில் கருவி அதிர்ச்சி தந்தால் தொடுபவருக்குச் சிறு சுருக்கென்ற உணர்வு ஏற்படலாம், அதனால் தீங்கில்லை. எந்த மருந்தையும், குறிப்பாக உறைவு தடுக்கும் மருந்தை, எங்களைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

அம்மையாரின் மகன் விளக்கத்தைக் கேட்டபின் இன்னொரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் அம்மாவின் கருவி கட்டாயம் காப்பாற்றும் என்று நம்பி ஊருக்குப் போகலாமா?" கட்டாயம் என்ற சொல்லை எங்களால் சொல்ல இயலவில்லை. அடுத்த கட்டிலில் சோதனையில் தேறியவருக்கும் அச்சொல்லைச் சொல்ல இயலாது என்றோம். காப்பாற்றும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கிறது என்றும், அதைக் குறையாமல் வைத்திருப்பது மருந்திலும் மறுபரிசோதனையிலும் இருக்கிறது என்றும் சொன்னோம். மூன்று மாதத்துக்குப் பின் மறுபரிசோதனைக்கு அவர்களே முதலில் வந்திருந்தார்கள். மருந்து ஒருநாளும் நிற்கவில்லை என்பதை, தேதிவாரியாகக் குறித்த ஒரு பள்ளி நோட்டில் மகன் காட்டினார். அளவீடுகள் அனைத்தும் முன்போலவே இருந்தன.